எழுந்து நடந்துபோன புவெர்த்தா

2007 ஆகஸ்ட் 25, சனிக்கிழமை இரவு. ஸ்பெயினின் தெற்கே செவியா நகரில், சான்செஸ் பிஸ்ஹுவான் மைதானத்தில், புதிய கால்பந்து லீக் பருவத்தின் முதல் ஆட்டம். செவியா அணியும் ஹெதாஃபே அணியும் மோதிக்கொண்டிருந்தன. ஆட்டம் தொடங்கி ஏறக்குறைய அரைமணி நேரம் ஆகியிருக்கும். பந்து வேறெங்கோ இருந்தது. செவியாவின் 16ஆம் எண் சட்டைக்காரர் தன் கோல் பக்கமாக மெல்ல ஓடி வந்தார், குந்தினார், அப்படியே சரிந்து விழுந்தார். யாரும் அவரை இடிக்கவில்லை, யாருடைய காலும் படவில்லை.

சக பின்கள ஆட்டக்காரர் இவிட்சா திராகுட்டினோவிச்சும் கோல்கீப்பர் ஆந்த்ரேஸ் பலோப்பும்தான் முதலில் ஓடிவந்தார்கள். நாக்கு உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று பயந்து வாயைத் திறக்கப் பார்த்தார்கள். மருத்துவர்கள் வந்தார்கள். சற்று நேரத்தில் அவர் கண் திறந்தார், எழுந்தார். இருபக்கமும் ஆள் வர, தன் கால்களாலேயே நடந்து மைதானத்தைவிட்டு வெளியேறினார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. ஆபத்து கடந்துவிட்டது என்று நினைத்த கைதட்டல் அது.

உடைமாற்றும் அறையில் அவர் மறுபடி விழுந்தார். மூன்று நாள் கழித்து, ஆகஸ்ட் 28 செவ்வாய்க்கிழமை பிற்பகலில், விர்ஹென் தெல் ரோசியோ மருத்துவமனையில் இறந்தார். அவர் பெயர் அந்தோனியோ புவெர்த்தா. வயது 22.

புவெர்த்தாவின் ஆட்ட வாழ்வைப் பற்றி ஸ்பானிய மொழியில் நிறைய எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலும் கண்ணீரோடு எழுதியவை. அந்தக் கண்ணீரில் எனக்கும் பங்குண்டு. ஆனால் இந்த நிகழ்வில் நாம் கூர்ந்து பார்க்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அவர் விழுந்த இடமல்ல அது, எழுந்து நடந்த அந்தச் சில நிமிடங்கள். அங்கே போவதற்கு முன் அவர் யார் என்று தெரிய வேண்டும்.

திருவிழா வியாழன்

புவெர்த்தா செவியா நகரிலேயே 1984 நவம்பர் 26 அன்று பிறந்தவர். கிளப்பின் சிறுவர் அணிகளில் வளர்ந்து, 2004இல் முதல் அணிக்கு வந்தார். இடது காலால் ஆடுபவர். இடது பின்களத்திலும் ஆடுவார், அதே ஓரத்தில் நடுக்களத்திலும் ஆடுவார். பயிற்சியாளர் ஹுவாந்தே ராமோஸின் ஆட்டமுறையில் ஓரத்து ஆட்டக்காரர்களுக்கு ஓய்வு கிடையாது. எதிரணி வந்தால் தடுக்க வேண்டும், பந்து கிடைத்தால் எதிர்க் கோல்கோடுவரை ஓடிப்போய்ப் பந்தைக் குறுக்கே தூக்கிப் போட வேண்டும், இழந்துவிட்டால் மறுபடி பின்னால் ஓடி வர வேண்டும். வலது ஓரத்தில் தானி ஆல்வெஸும் ஹெசூஸ் நவாஸும் செய்த வேலையை இடது ஓரத்தில் செய்தவர்களில் ஒருவர் புவெர்த்தா. இந்த ஓட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நோயைப் பற்றிப் பேசும்போது திரும்ப வரும்.

செவியா பழைய கிளப், 1890இல் தொடங்கியது. ஆனால் 1948இல் ஸ்பானியக் கோப்பையை வென்ற பிறகு அரைநூற்றாண்டுக்கும் மேலாகப் பெரிய பட்டம் எதுவும் வரவில்லை. தாத்தா பார்த்த கோப்பையைப் பேரன் பார்க்காத வீடுகள்தான் அந்த ஊரில் அதிகம். 2006 ஏப்ரல் 27 வந்தது. செவியாவின் புகழ்பெற்ற ஏப்ரல் திருவிழா நடந்துகொண்டிருந்த வாரம், அதில் வியாழக்கிழமை. ஐரோப்பிய கிளப்புகள் மோதும் யூஈஎஃப்ஏ கோப்பையில் அரையிறுதியின் இரண்டாம் ஆட்டம். எதிரணி ஜெர்மனியின் ஷால்கே 04. முதல் ஆட்டத்தில் கோல் இல்லை. இரண்டாம் ஆட்டத்திலும் 90 நிமிடம் கோல் இல்லை. கூடுதல் நேரத்தில், 100ஆம் நிமிடத்தில், வலது பக்கமிருந்து நவாஸ் பந்தைத் தூக்கி அனுப்பினார். அது எல்லோரையும் தாண்டி இடது பக்கம் வந்தது. புவெர்த்தா அதைத் தரையில் விடாமல், வந்த வேகத்திலேயே இடது காலால் அடித்தார். பந்து தூர மூலைக்குள் போனது.

அந்த ஒரு கோல்தான் செவியாவை முதல்முறையாக ஐரோப்பிய இறுதிப்போட்டிக்குக் கொண்டு சென்றது. மே 10 அன்று ஐந்தோவனில் மிடில்ஸ்பரோவை 4-0 என வென்றார்கள். ஆகஸ்ட் 25 அன்று மொனாக்கோவில் பார்சிலோனாவை 3-0 என வீழ்த்தி ஐரோப்பிய சூப்பர் கோப்பையையும் எடுத்தார்கள். அடுத்த ஆண்டு அதே தேதியில்தான் புவெர்த்தா விழுந்தார். தேதிகள் தற்செயலாக ஒன்றிப்போவதில் எந்தப் பொருளும் இல்லை என்று தெரியும். என்றாலும் அந்த ஊர்க்காரர்கள் அதை மறப்பதில்லை.

2007 மே 16 அன்று கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க்கில் மறுபடி யூஈஎஃப்ஏ கோப்பை இறுதிப்போட்டி. இந்த முறை எதிரணி இன்னொரு ஸ்பானிய கிளப்பான எஸ்பான்யோல். 2-2 என்று முடிந்து பெனால்டிக்குப் போனது. செவியாவின் கடைசி பெனால்டியைப் போட்டவர் புவெர்த்தா. தவறவில்லை. அடுத்த அடியைப் பலோப் தடுக்க, கோப்பை செவியாவுக்கு வந்தது. ஜூனில் ஸ்பானியக் கோப்பை, இறுதிப்போட்டியில் எதிரணி ஹெதாஃபே. ஆகஸ்டில் ரியல் மாட்ரிட்டை வென்று ஸ்பானிய சூப்பர் கோப்பை. ஐம்பத்தெட்டு ஆண்டு வறட்சிக்குப் பிறகு பதினைந்து மாதத்தில் ஐந்து கோப்பைகள். இடையில், 2006 அக்டோபர் 7 அன்று சுவீடனுக்கு எதிராக ஸ்பெயின் தேசிய அணிக்கும் ஆடினார். அந்த ஆட்டம் தோல்வி. அதுதான் நாட்டுக்காக அவர் ஆடிய ஒரே ஆட்டம்.

2007 ஆகஸ்டில் அவர் நிலை இதுதான். சொந்த ஊர், சொந்த கிளப், ரசிகர்கள் தோளில் தூக்கிவைத்திருக்கும் பெயர். அதோடு சில வாரங்களில் பிறக்கவிருந்த முதல் குழந்தை. அந்தக் குழந்தை அக்டோபரில் பிறந்தது.

இதயத்துக்குள் நடந்தது

மருத்துவர்கள் சொன்ன காரணம் இது: இதயம் பலமுறை நின்றதால் மூளைக்கு உயிர்வளி போகவில்லை, அதன் விளைவாக உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்தன. இதயம் நின்றதற்குப் பின்னால் இருந்த நோய் அரித்மோஜெனிக் ரைட் வென்ட்ரிகுலர் கார்டியோமயோபதி. இனி அதை ஏஆர்விசி என்கிறேன்.

பெயர் பயமுறுத்துகிறது, ஆனால் நடப்பதைப் புரிந்துகொள்ளலாம். இதயத் தசையின் செல்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்திருக்க வேண்டும். டெஸ்மோசோம் என்ற புரதப் பிணைப்புகள் செங்கல்லுக்கு நடுவே சாந்துபோல அந்த வேலையைச் செய்கின்றன. ஏஆர்விசி பெரும்பாலும் பரம்பரையாக வருவது. மரபணுக் குறைபாட்டால் இந்தச் சாந்து பலவீனமாக இருக்கும். இதயம் வேகமாகத் துடித்து, உள்ளே ரத்த அழுத்தம் ஏறி, தசைச் சுவர் இழுபடும்போது செல்கள் பிரிந்து செத்துப்போகின்றன. அந்த இடத்தைக் கொழுப்பும் தழும்பும் நிரப்புகின்றன. வலது கீழறையின் சுவர் மெல்லியது, அதனால் சேதம் பொதுவாக அங்கேதான் தொடங்கும்.

இதயம் துடிப்பது மின் சைகையால். நல்ல தசையில் அந்த மின்னோட்டம் ஒழுங்காகப் பாயும். கொழுப்பும் தழும்பும் திட்டுத்திட்டாக இருக்கும் தசையில் அது வழிதவறி வட்டமடிக்கத் தொடங்கும். அப்போது கீழறை நிமிடத்துக்கு இருநூறு முறைக்கு மேலும் துடிக்கலாம். அந்த வேகத்தில் இதயம் நிரம்பவும் முடியாது, வெளியே தள்ளவும் முடியாது. மூளைக்கு ரத்தம் போகாமல் ஆள் விழுவார். இது முற்றினால் துடிப்பே இல்லாமல் வெறும் நடுக்கமாகிவிடும். அதுதான் இதயம் நிற்பது.

ஆயிரத்திலிருந்து ஐயாயிரம் பேருக்கு ஒருவருக்கு இந்த நோய் இருக்கலாம் என்று கணிக்கிறார்கள். கொடுமை என்னவென்றால், மூச்சு வாங்க நெடுநேரம் ஓடும் பயிற்சி இந்த நோயை வேகமாக வளர்க்கிறது. அந்தச் சாந்துக்கு அழுத்தம் கொடுப்பதே ஓட்டம்தான். மேலே சொன்ன ஓரத்து ஓட்டத்தை இங்கே பொருத்திப் பாருங்கள். ஒரு நகரமே எந்த ஓட்டத்துக்காக அவரைக் கொண்டாடியதோ, அதே ஓட்டம் அவருடைய இதயச் சுவரைத் தேய்த்திருக்க வேண்டும். இதை எழுதும்போது கை தயங்குகிறது. ஆனால் நோயின் இயல்பு அதுதான்.

அப்படியானால் கிளப்பின் பரிசோதனையில் ஏன் தெரியவில்லை என்ற கேள்வி உடனே எழும், அன்று ஸ்பெயின் முழுவதும் எழுந்தது. ஏஆர்விசிக்கு மறைவுக் கட்டம் ஒன்று உண்டு. அப்போது இதயத்தின் மின்னோட்டத்தைப் பதியும் இசிஜியிலும் இதயத்தைப் படமாகக் காட்டும் எக்கோவிலும் ஒன்றும் தெரியாமல் போகலாம். ஆனால் மின்னோட்டம் தடம்புரளும் அபாயம் அப்போதே தொடங்கிவிடும். சிலருக்கு முதல் அறிகுறியே மரணம்தான். அதனால் அந்த மருத்துவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு எந்த ஆதாரமும் இல்லை, விருப்பமும் இல்லை.

அந்த நடை

இப்போது அந்தச் சில நிமிடங்களுக்கு வருகிறேன்.

தடம்புரண்ட துடிப்பு சில சமயம் தானாகவே அடங்கிவிடும். அடங்கியதும் இதயம் மறுபடி ரத்தத்தைத் தள்ளும், மூளைக்குப் போகும், ஆள் கண் திறப்பார். தன் பெயர் தெரியும், இருக்கும் இடம் தெரியும், நடக்கவும் முடியும். பார்ப்பவர்களுக்கு அது வெயில் மயக்கம் போலவோ, சாப்பிடாமல் வந்த தலைசுற்றல் போலவோ தெரியும். உள்ளே நிலைமை வேறு. தடம்புரள வைத்த தழும்பு அங்கேயேதான் இருக்கிறது, உடலில் அட்ரினலின் உச்சத்தில் இருக்கிறது. அடுத்த தடம்புரளல் எந்த நொடியிலும் வரலாம், வந்தால் இந்த முறை அடங்காமலும் போகலாம்.

நினைவு திரும்பியதை நாம் குணமானதாக எடுத்துக்கொள்கிறோம். இது ஒரு பெரிய தவறு. 2007இல் உலகம் முழுவதும் மைதானங்களில் இருந்த பழக்கமும் அதுவே. ஆட்டக்காரர் எழுந்துவிட்டால் நல்லது, தானாக நடந்தால் இன்னும் நல்லது. எழுந்து நடப்பதுதான் வீரம் என்று சின்ன வயதிலிருந்தே கால்பந்து சொல்லிக்கொடுக்கிறது. விழுந்தவரும் அதையே விரும்புவார். ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போகிறோம் என்றால் வேண்டாம் என்று கையசைப்பார்.

இன்று விளையாட்டு மருத்துவத்தில் தெளிவான விதி ஒன்று இருக்கிறது. மோதல் எதுவும் இல்லாமல் ஒரு ஆட்டக்காரர் விழுந்தால், வேறு காரணம் உறுதியாகும்வரை அது இதய நிறுத்தம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். மூச்சும் துடிப்பும் இல்லையென்றால் உடனே மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும், மின்னதிர்ச்சி கொடுத்து இதயத் துடிப்பை ஒழுங்குக்குக் கொண்டுவரும் டிஃபிப்ரிலேட்டர் கருவியைக் கொண்டுவந்து பொருத்த வேண்டும். மின்னதிர்ச்சி கொடுக்கத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. நினைவு திரும்பினாலும் எழுந்து நிற்க விடக்கூடாது. படுத்த நிலையிலேயே, இதயத் துடிப்பைக் காட்டும் கருவியோடு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பலோப்பும் திராகுட்டினோவிச்சும் செய்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஓடிவந்தது சரி, அந்த வேகம் மிகச் சரி. ஆனால் நாக்கை விழுங்கிவிடுவார் என்ற பயம் உலகம் முழுக்க ஆட்டக்காரர்களிடம் இன்றும் இருக்கிறது. நாக்கை யாராலும் விழுங்க முடியாது. நினைவிழந்தவரின் நாக்கு தளர்ந்து தொண்டையை அடைக்கலாம், அதற்குத் தலையைச் சாய்த்துத் தாடையை உயர்த்தினால் போதும். வாய்க்குள் விரலை விட்டுப் போராடும் நொடிகளில் இதயத்தைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. இதயத்தால் விழுந்தவருக்கு அந்த நொடிகள்தான் எல்லாமே.

அன்று படுக்கவைத்தே கொண்டுபோயிருந்தால் புவெர்த்தா பிழைத்திருப்பாரா? அப்படிச் சொல்ல முடியாது. உடைமாற்றும் அறையிலேயே மருத்துவர்கள் அவர் இதயத்தை மீட்டிருக்கிறார்கள், அது மறுபடி மறுபடி நின்றிருக்கிறது. உதவி அருகிலேயே இருந்தும் நோய் வென்ற நிகழ்வு இது. ஆனாலும் அந்த நடைக்குக் கிடைத்த கைதட்டல் என் மனதைவிட்டுப் போவதில்லை. பல்லாயிரம் பேர் ஒரே சமயத்தில் ஒரே அறிகுறியைத் தவறாகப் படித்தார்கள். அங்கே இருந்திருந்தால் நானும் கைதட்டியிருப்பேன்.

இத்தாலியின் இரண்டு பாடங்கள்

போட்டி விளையாட்டுக்கு வருபவர்கள் எல்லோரும் இசிஜி உள்ளிட்ட பரிசோதனைக்கு உட்பட வேண்டும் என்பது இத்தாலியில் 1982 முதல் கட்டாயம். வெனெத்தோ பகுதியில் நடந்த நீண்டகால ஆய்வின்படி, இளம் விளையாட்டு வீரர்களிடையே திடீர் இதய மரணம் 1979-80இல் ஆண்டுக்கு லட்சத்துக்கு 3.6 ஆக இருந்தது, 2003-04இல் 0.4 ஆகக் குறைந்தது. கிட்டத்தட்ட 89 விழுக்காடு குறைவு. ஏஆர்விசியும் பரிசோதனையில் பிடிபடும் நோய்களில் ஒன்று. பரிசோதனை வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு இந்த எண்களைத்தான் காட்டுவேன்.

அதே இத்தாலியில் 2012 ஏப்ரல் 14 அன்று, பெஸ்காராவில் நடந்த ஆட்டத்தில், லிவோர்னோவின் நடுக்கள ஆட்டக்காரர் பியெர்மாரியோ மொரோசினி விழுந்தார். எழ முயன்றார், விழுந்தார், மறுபடி முயன்றார். அன்றே இறந்தார். பிரேதப் பரிசோதனையில் தெரியவந்தது புவெர்த்தாவுக்கு இருந்த அதே வகை நோய். உலகின் கண்டிப்பான வடிகட்டியையும் அது தாண்டி வந்திருக்கிறது. பரிசோதனை நிறையப் பேரைக் காப்பாற்றும், எல்லோரையும் காப்பாற்றாது. மிஞ்சியவர்களுக்கு மைதானத்தின் ஓரத்தில் டிஃபிப்ரிலேட்டரும் அதைத் தயங்காமல் எடுக்கும் கையும்தான் இருக்கின்றன.

2021 ஜூன் 12 அன்று கோப்பன்ஹேகனில் உலகம் அதைக் கண்ணால் பார்த்தது. டென்மார்க்கின் கிறிஸ்தியான் எரிக்சன் யாரும் இடிக்காமல் விழுந்தார். கேப்டன் சிமோன் கியார் அவருடைய மூச்சுப் பாதையைக் கவனித்தார், மருத்துவர்கள் அங்கேயே மார்பை அழுத்தினார்கள், டிஃபிப்ரிலேட்டரால் மின்னதிர்ச்சி கொடுத்தார்கள், சக ஆட்டக்காரர்கள் சுற்றி நின்று மறைத்தார்கள். அவருக்கும் மைதானத்திலேயே நினைவு திரும்பியது, புவெர்த்தாவுக்குத் திரும்பியதைப் போலவே. ஆனால் யாரும் அவரை நடக்கச் சொல்லவில்லை. ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி, கண் திறந்தபடி, மருத்துவமனைக்குப் போனார். இரண்டு பேரின் நோயும் ஒன்றே என்று நான் சொல்ல வரவில்லை. விழுந்த ஆளை எப்படிக் கையாள்வது என்பதில் பதினான்கு ஆண்டுகளில் ஏற்பட்ட மாற்றம் அந்த ஸ்ட்ரெச்சரில் தெரிகிறது.

அவர் விட்டுப்போன ஊர்

அவர் உடல் மைதானத்தில் வைக்கப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள். அதே ஊரின் பரம எதிரியான பெத்திஸ் கிளப்பின் ரசிகர்களும் வந்தார்கள். அது சாதாரண விஷயமல்ல. ஆறு மாதத்துக்கு முன்தான் இரு அணிகளும் மோதிய ஆட்டத்தில் பார்வையாளர் பக்கமிருந்து வந்த பாட்டில் ஹுவாந்தே ராமோஸின் தலையில் பட்டு, ஆட்டமே பாதியில் நின்றிருந்தது. ஏதென்ஸில் செவியா ஆடவிருந்த சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்று ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டது. ஆகஸ்ட் 31 அன்று மொனாக்கோவில் இத்தாலியின் மிலானுடன் ஐரோப்பிய சூப்பர் கோப்பை ஆட்டம். இரண்டு அணிகளும் முதுகில் புவெர்த்தாவின் பெயர் பொறித்த சட்டையோடு இறங்கின. மிலான் 3-1 என வென்றது. அந்த இரவில் அதை யார் பெரிதாக நினைத்திருப்பார்கள்!

செவியாவின் சிறுவர் அணியிலிருந்தே நண்பராக இருந்த செர்ஹியோ ராமோஸ், 2008இல் ஸ்பெயின் யூரோ கோப்பையை வென்ற இரவில் புவெர்த்தாவின் படம் போட்ட சட்டையை அணிந்துகொண்டார். சான்செஸ் பிஸ்ஹுவானில் ஒவ்வொரு ஆட்டத்திலும் 16ஆம் நிமிடத்தில் ரசிகர்கள் அவர் பெயரைப் பாடுகிறார்கள். புவெர்த்தா என்றால் ஸ்பானிய மொழியில் கதவு.

கிளாஸ்கோ இறுதிப்போட்டிக்கு ஒருமுறை திரும்பிப் போக வேண்டும். அன்று எஸ்பான்யோலின் மையப் பின்களத்தில் ஆடியவர் தானி ஹார்க்கே. 2009 ஆகஸ்ட் 8 அன்று, இத்தாலியில் ஃபுளோரன்ஸ் அருகே கோவெர்ச்சானோவில் அணியின் பயிற்சி முகாமில், விடுதி அறையில் இருந்தபடியே அவர் இதயமும் நின்றது. கேப்டனாகிச் சில வாரங்களே ஆகியிருந்தன. வயது 26. மறு ஆண்டு உலகக் கோப்பை இறுதிப்போட்டியில் ஸ்பெயினின் இனியெஸ்தா கோல் அடித்துச் சட்டையைக் கழற்றியபோது உள்ளே எழுதியிருந்த பெயர் அவருடையது. ஒரே இறுதிப்போட்டியில் எதிரெதிரே நின்ற இரண்டு பின்கள ஆட்டக்காரர்கள் இருவருமே இரண்டேகால் ஆண்டுக்குள் போய்விட்டார்கள்.

ஹார்க்கேவோடு எஸ்பான்யோல் பின்களத்தில் ஆடிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர், செர்ஹியோ சான்செஸ், 2009 கோடையில் செவியாவுக்கு மாறினார். 2010 ஜனவரியில், ஒரு பரிசோதனையில், அவர் இதயத்தில் கோளாறு இருப்பது தெரிந்தது. கிளப் அவரை ஆட்டத்திலிருந்து நிறுத்தியது. அறுவைச் சிகிச்சை நடந்தது. ஓராண்டுக்கும் மேல் காத்திருந்தார். பிறகு மறுபடி மைதானத்தில் இறங்கினார், பல ஆண்டுகள் ஆடினார்.